ஐந்து பேர் மிஞ்ச வேண்டும்

"ராஜினாமாவ எழுதி வெச்சுட்டேன், ஆனா..."

"எழுதி வெச்சு? அதப் பாத்துப் பாத்துப் பூரிக்கவா? வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டு! பொண்ணுக்கு இது எட்டாம் மாசம்!"

மூட மறுத்த பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தபடி கத்தினாள் மனைவி. நகரப் பேருந்துக் கழகத் தலைவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நிர்வாகக் குழு ஏத்துக்கணும்டி. ஒருத்தர் விலகினா மிச்சம் அஞ்சு பேராவது இருக்கணும்னு விதி. நான் விலகினா நாலு பேர்தான்."

"காலி இடத்துக்கு ஆள் போடச் சொல்றதுக்கென்ன?"

"ஒன்பது கடிதம் போட்டாச்சு. மேலிடம் அசையல."

"அப்போ சொல்லாம கொள்ளாம வந்து ஏறுங்க. தலையவா சீவிடுவாங்க?"

"அஞ்சு பேர் இல்லாம குழு கூட முடியாது. கூடலேன்னா ஒரு பஸ்ஸுக்கு டயர்கூட வாங்க முடியாது. ஊரே நடந்துதான் போகணும்."

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி ஊரு தவழ்ந்துதான் போச்சாக்கும்!"

அவர் மறுபடியும் பொத்தானைத் திருகினார். அதுதான் அவளை இன்னும் உசுப்பியது.

"நாற்காலி மேல ஆசைன்னு நேராச் சொல்லிடுங்க. நானும்தான் பயணிகள் சார்பா அதே குழுவுல ரெண்டு வருஷம் இருந்தேன். போன மாசம் ஒரே ஒரு கடிதம் எழுதினேன். அன்னிக்கே விட்டுட்டாங்களே! எனக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது?"

அவர் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நாம ஆறு பேர். ஒருத்தர்தான் வெளியே போக முடியும். என் கையில ரெண்டு கடிதம் இருந்துச்சு. என்னோடதப் பையில வெச்சுட்டு, உன்னோடத மேஜையில வெச்சேன்."