முளைகள் சாய்ந்த மூலை

முளைப்பாரி வளர்க்கும் இருட்டறைக்குச் சன்னலே கிடையாது. இருந்தும் வெளுத்த முளைகளெல்லாம் ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

“தெய்வக்குத்தமாடி?” என்று பதறினாள் சீனியம்மாள்.

“இல்லம்மா. வெளிச்சம் படாத பக்கம் ஹார்மோன் சேர்ந்து கூடுதலா வளரும். அதான் வளையுது” என்று கல்லூரிப் பாடத்தை ஒப்பித்துவிட்டாள், தினமும் தண்ணீர் தெளிக்கப் போகும் மகள் தமயந்தி.

சீனியம்மாள் அதைப் பெருமையாகப் புருஷனிடம் சொன்னாள்.

“அந்த இருட்டுல ஏதுடி வெளிச்சம்?” என்று எழுந்தவர், மூலையைத் துழாவி, தமயந்தி ஒளித்து வைத்திருந்த செல்போனை எடுத்து உடைத்தார். மகளையும் அதே அறையில் போட்டுப் பூட்டினார்.

திருவிழாவில் பாரி எடுக்கும் நாளில்தான் சாவியைக் கொடுத்தார். சீனியம்மாள் கதவைத் திறந்தாள். முளைகள் நேராக நிமிர்ந்திருந்தன. அடித்தண்டில் மட்டும் பழைய வளைவு அப்படியே இருந்தது.

“வெளிச்சத்துக்கு வா தாயி” என்றாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மகள் திரும்பவில்லை.