தெற்கு ஜன்னல்

ஆர்க்கிடெக்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே பிளானைக் காலையிலிருந்து நாலு தடவை அழித்து வரைந்துவிட்டான். எதிரே அவள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"படுக்கையறை மேற்கே வேண்டாம். சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி வெச்சுக்கிட்டு ராத்திரி கக்கும். புழுங்கினா உனக்குத் தூக்கமே வராது."

"ஏசி போட்டுக்கலாமே?"

"ஏசி இல்லாத வீடு வேணும்னு நீதானே அடம்பிடிச்சே? தெற்கே ஜன்னல் வைக்கிறேன். காத்து நேரா கட்டில் மேல வரும்."

"பக்கத்து வீட்டுக்காரங்க வெளிச்சத்தை மறைச்சுடாதீங்க. பழைய தெரு. எல்லாரும் வருஷக்கணக்கா இருக்கிறவங்க."

"அதுக்குத்தான் மாடியைப் பாதியோட நிறுத்திட்டேன். சமையலறைக்கும் காலை வெயில் மட்டும்தான். உனக்குத் தலைவலி வராது."

அவள் பிளானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் எனக்குன்னே பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கீங்க. அவருக்குக் குளிர்காத்து ஒத்துக்காதே."

பென்சில் நின்றது.

அவனுக்கும் அவளுக்கும் விவாகரத்தாகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் அவளுக்கு மறுபடி கல்யாணம் ஆனது. ஏசி இல்லாத இந்த மாதிரி வீடு கட்ட அவனை விட்டால் ஆளில்லை என்று அவளை இங்கே அனுப்பியதே புதுக் கணவர்தான்.

அவன் எழுந்து வாசல் வரை போனான். திரும்பி வந்து உட்கார்ந்தான். ரப்பரை எடுத்துக் கீழே வைத்தான்.

"அவர் கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பார்?"

"சுவரோரமா," என்றாள் தாழ்ந்த குரலில்.

ஜன்னலை அழித்து, இரண்டடி தள்ளி அவள் பக்கமாக வரைந்தான்.