யானைச் சப்பாத்தி

ஹாட்பாக்ஸுக்குள் மூன்று வட்டச் சப்பாத்திகள் சொகுசாகப் படுத்திருந்தன. நாலாவதாக, நாலு வயது ஷெரின் தன் கையாலேயே தேய்த்தது வந்து விழுந்தது.

"யாருடா நீ? கிழிஞ்ச சாக்ஸ் மாதிரி இருக்கே!" என்றது பெரிய வட்டம்.

"யானைங்க. தும்பிக்கை தவாவுல ஒட்டிக்கிச்சு."

"உன்னை யாரு சாப்பிடுவா? காக்காய்க்குத்தான் போடுவாங்க."

யானை பயந்து ஓரமாக ஒடுங்கியது. மூடி திறந்தது. அம்மாவின் கை வட்டங்களை ஒதுக்கிவிட்டு, யானையைத் தேடி எடுத்தது.

"காது எனக்கு!" என்றார் அப்பா.

"வால் அம்மாவுக்கு!" என்று கத்தினாள் ஷெரின்.

மூடி மறுபடி விழுந்தது.

உள்ளே பெரிய வட்டம் பக்கத்து வட்டத்திடம் மெதுவாகக் கேட்டது: "ஏம்ப்பா, வால் வச்சுக்கிட்டா ரொம்ப வலிக்குமோ?"