உதைக்கிறவளுக்கு ஒரு கதை

"இன்னொரு தடவை கழுத்தை நெரிங்கம்மா. இந்தத் தடவை முகத்துல வெறுப்பு வேணும்," என்றார் இயக்குநர்.

அவள் நெரித்தாள். கீழே கிடந்தவனின் கால்கள் உதறி அடங்கின. பிறகு அவன் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைத் தடவிக்கொண்டே குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

சண்டை விளையாட்டு ஒன்றுக்கான பதிவு அது. உடம்போடு ஒட்டிய அவளுடைய கறுப்பு உடையெங்கும் வெள்ளைக் குமிழ்கள் ஒட்டியிருந்தன, சுற்றிலும் கேமராக்கள். இங்கே அவள் கையைத் தூக்கினால், அங்கே கணினித் திரையில் முகமில்லாத ஒரு சாம்பல் நிற உருவம் கையைத் தூக்கும்.

சினிமாவில் கதாநாயகிகளுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதித்தே வயதைக் கழித்தவள் அவள். ஐம்பதை நெருங்கியும் அவளுடைய உதை வாங்கியவன் உடனே எழுந்துவிட முடியாது. இயக்குநர் தேடியது இளம்பெண் ஒருத்தியை. இவள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது கதை எழுதும் பெண்.

"உதையெல்லாம் முடிஞ்சுது. இனி கதை," என்றார் இயக்குநர். "ஒவ்வொரு சண்டைக்கு முன்னாடியும் நீங்க கொஞ்சம் பேசணும்மா."

"அடிக்கிறவளுக்கு எதுக்குங்க கதை? பட்டனைத் தட்டுறவன் கதையா கேக்கப் போறான்?"

"இப்பல்லாம் கேக்குறாங்கம்மா. குறையே இல்லாத ஆளை எடுத்து விளையாட யாருக்கும் பிடிக்கிறதில்ல. உள்ளுக்குள்ள ஏதாவது உறுத்தணுமாம்." அவர் கதை எழுதும் பெண்ணைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா."

அந்தப் பெண் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சண்டைக்காரியைப் பார்க்காமல், தரையில் ஒட்டியிருந்த அடையாள நாடாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவளுக்கு ஒரு குழந்தை இருக்கு. சண்டைக் குழுவுல சேரணும்னு ஒரு நாள் விடியக்காலைல கிளம்பிடுறா. போறப்ப குழந்தைக்குப் போர்வையை இழுத்து விடுறா. சத்தம் கேக்கக் கூடாதுன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் படி இறங்குறா. அப்புறம் திரும்பி வரவே இல்ல."

சண்டைக்காரி கையுறையைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள்.

"சீ. இதையெல்லாம் ஒரு கதைன்னு எழுதுவாங்களா?"

இயக்குநர் சிரிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"குறைதானே வேணும்? நொண்டின்னு வைங்க. குடிகாரின்னு வைங்க. நாலு பேரைக் கொன்னவன்னுகூட வைங்க, பேசிட்டுப் போறேன். பெத்ததை விட்டுட்டு ஓடுனவளா? என் வாயால அதைச் சொல்ல மாட்டேன். கேக்கவே அருவருப்பா இருக்கு. வேணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

இவ்வளவு பதிவு செய்துவிட்டு வேறு ஆளைப் பார்ப்பதாவது. "நீங்க ரெண்டு பேருமே பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு இயக்குநர், அடிக்காத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவினார். அடி வாங்கியவனும் தண்ணீர்ப் பாட்டிலோடு அவர் பின்னாலேயே போய்விட்டான்.

கூடத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள். ஏசிக் குளிரையும் மீறி அந்த இறுக்கமான உடை வியர்வையில் நாறியது. சண்டைக்காரி கழுத்துப் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

"புருஷன் அடிச்சான்னாவது வையேன்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பொறுக்க முடியாமப் போனான்னு இருக்கட்டும்."

"அடிக்கல மேடம். அவர் நல்லவர். யாரும் அவளை எதுவும் பண்ணல. அவளுக்குச் சண்டை பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான்."

"அப்படி ஒருத்தியை எடுத்து யார் விளையாடுவாங்க? காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். எனக்கும் அருவருப்பாத்தான் இருந்துச்சு. எழுதி முடிச்சா குறையும்னு பாத்தேன். குறையல."

சண்டைக்காரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்று எத்தனையோ முறை மல்லாந்து விழுந்து, அலுங்காமல் எழுந்தவள். இப்போது உட்காருவதற்கே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"செருப்பு, போர்வை எல்லாம் எதுக்கு? அதை எடுத்துடு."

"அது இல்லன்னா அவ வெறும் கெட்டவ மேடம். போர்வையை இழுத்து விட்டதாலதான் அவளை வெறுக்கவும் முடியல, விடவும் முடியல."

சண்டைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். திரையில் அவளுடைய உருவம், முகமே இல்லாத அந்தச் சாம்பல் நிற உருவமும், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தோள் குலுங்கியது.

"ஒண்ணு மட்டும் சேத்துக்கோ," என்றாள் கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "அவ போனது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டா. பிள்ளை நல்லாத் தூங்கிட்டு இருந்தா. ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் படி இறங்குனேன்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சட்டென்று திரும்பினாள்.

கதை எழுதும் பெண் இப்போது அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கல. கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன்."