எட்டாவது ஆள்

அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில் வானிலைப் பாடம் நடத்த அவள் புதிதாக வந்திருந்தாள். சேர்ந்தவர்கள் எட்டே பேர். அதில் ஏழு பேர் பின் பெஞ்சில் சொக்கி விழுந்தார்கள். முன் பெஞ்சில் காதோரம் நரைத்த ஒருத்தர் மட்டும் மேகங்களின் பெயரை உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். அவரும் மணி அடிக்குமுன்பே, "மன்னிச்சுக்குங்க மேடம்" என்று நழுவிவிடுவார்.

இன்றும் நழுவினார். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அந்தக் கோபம் பின் பெஞ்சின்மேல் திரும்பியது.

"காமர்ஸ் படிக்கிற உங்களுக்கு மேகத்தோட என்ன வேலை? பிடிக்கலைன்னா எதுக்குச் சேர்ந்தீங்க?"

ஒருத்தி தயங்கி எழுந்தாள். "எட்டுப் பேர் இல்லைன்னா இந்தப் பாடமே கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க மேடம். அண்ணன் பட்டம் வாங்க இது ஒண்ணுதான் பாக்கி."

"எந்த அண்ணன்?"

"இப்போ போனாரே, அவருதான். நம்ம யுனிவர்சிட்டி பஸ் டிரைவர். ஓடி வர்ற ஒருத்தரையும் விட்டுட்டு அவரு வண்டிய எடுத்ததே இல்ல. நமக்காக இத்தனை நாள் நின்னவருக்காக, நாம கொஞ்சம் உட்காருவோமேன்னு..."

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "அப்போ தூங்காம உட்காருங்க" என்றாள்.

வெளியே பஸ் உறுமியது.

"ஐயையோ, பஸ் போயிடப் போகுது, ஓடுங்க!" என்று அவள் பதறினாள்.

ஒருத்தரும் அசையவில்லை.

"நீங்க பாடத்தை முடிங்க மேடம். நாங்க வராம அண்ணன் எடுக்க மாட்டாரு."