இரண்டு பச்சைக் கோடுகள்

ஸ்டுடியோ மேசையில் இரண்டு புதுக் கம்ப்யூட்டர்கள் ஒரே கல்யாண வீடியோவைப் போட்டு அரைத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் பிராசஸர் அக்கா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. மற்றது, அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணைக் கண்டதும் தம்பி மயங்கி வாங்கி வந்தது. தோற்பது இன்றே கடைக்குத் திரும்ப வேண்டும். திரைகளின் வெளிச்சத்தில் இருவர் முகமும் பச்சை பூத்திருக்கிறது. வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு, தம்பியின் பக்கம் ஒரே பாய்ச்சலில் பாதித் திரையைத் தாண்டிவிட்டது. "என்னக்கா, உன்னுது தூங்குதா? தாலாட்டு பாடட்டுமா?" "பாடுடா, உன்னுதுக்கும் சேர்த்து." அக்கா அலட்சியமாகக் காலாட்டுகிறாள், கண் மட்டும் இமைக்கவில்லை. திடீரென்று தம்பியின் பெட்டிக்குள் விசிறி, ஆகாய விமானம் கிளம்புவதுபோல் அலறுகிறது. அதன்மேல் ஊர்ச் சட்டைகளுக்கெல்லாம் இஸ்திரி போடலாம், அத்தனை சூடு! சூடு ஏற ஏறக் கோடு தள்ளாடி, நின்று நின்று நகர்கிறது. தம்பி அட்டையால் விசிறு விசிறென்று விசிறுகிறான். "ஆறட்டும்க்கா, அப்புறம் பாரு, பிச்சுக்கிட்டுப் போகும்!" அக்காவின் கோடோ அதே நிதான நடையில் வந்து, அதைத் தாண்டி, திரையின் ஓரத்தைத் தொடுகிறது. டிங்! அண்டசராசரமும் அதிர்கிறது. அக்கா இரு கைகளையும் உயர்த்தி, சுழல்நாற்காலியோடு பம்பரமாகச் சுற்றுகிறாள். "டேய் தம்பி," மூச்சிரைக்கச் சிரிக்கிறாள், "அட்டைப்பெட்டிக்குள்ள இருந்த தெர்மாகோலைத் தூக்கிப் போட்டுடலையே?"