ஆளுக்கு ஒரு நிமிடம்

உலகில் மனிதர் அனைவரையும் சமமாக நடத்துவது காலம் ஒன்றுதான் என்றார் மேலாளர்.

இதை அவர் முக்கால் மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மைக்கில் டைமர் கிடையாது.

தொழிலாளர்களின் மைக்கில் உண்டு. ஆளுக்கு ஒரு நிமிடம். பொத்தானை அழுத்தினால் மைக் உயிர் பெறும். நிமிடம் முடிந்ததும், ஸ்டாண்டில் கட்டியிருந்த சின்னப் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மைக் செத்துவிடும்.

மேடையில் ஆளுயர எழுத்தில் பேனர்: 'உங்கள் குரலே எங்கள் பாதுகாப்பு.'

சலவை ஆலையின் இஸ்திரிப் பிரிவு அக்கா எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மூணாம் நம்பர் மிஷின்ல என் தங்கச்சி கை போச்சு. பாதுகாப்பு வாரமாம், பாதுகாப்பு வாரம்!"

அது துணி பிழியும் எந்திரம். நிறுத்தினாலும் உள்ளே தொட்டி உடனே நிற்காது. சுற்றிச் சுற்றித்தான் அடங்கும். அதனால் மூடிக்கு ஒரு டைமர் வைத்திருந்தார்கள். நிறுத்தியதிலிருந்து அறுபது விநாடி எண்ணும். எண்ணி முடித்த பிறகுதான் பூட்டை விடும். அவசரக்கார மேஸ்திரி யாரும் குறைத்துவிடக் கூடாதென்று, தங்கை அதன் டயலில் அறுபதுக்கு நேராகத் தன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

போன மாதம் டைமர் பழுது என்று கழற்றிக்கொண்டு போனார்கள். வேலை நிற்கக் கூடாதே, பூட்டை நிறுத்தும் பொத்தானோடு நேராக இணைத்துவிட்டார்கள். நிறுத்திய கணமே மூடி திறந்தது. மூடி திறந்தால் தொட்டி நின்றுவிட்டது என்றுதான் தங்கையின் கைக்குத் தெரியும்.

"புது டைமர் வர்ற வரைக்கும் மிஷினை ஓட்டாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டோம். ஆர்டர் போட்டிருக்கு, ஆர்டர் போட்டிருக்குன்னா என்னய்யா அர்த்தம்? இப்பவும் அங்க ஒரு பொண்ணு நின்னு பிழிஞ்சிட்டிருக்கா. அவ கையும் போனாத்தான் உங்களுக்கு..."

டக்.

அவளுடைய வாய் அசைந்தது. கூடத்தின் பின்பாதிக்கு எதுவும் கேட்கவில்லை.

மேலாளர் தன் மைக்கில் கனிவாகச் சிரித்தார். "நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. மத்தவங்களும் பேச வேண்டாமா? உட்காருங்க."

அக்கா உட்காரவில்லை. ஸ்டாண்டில் இருந்த பெட்டியை ஒயரோடு பிய்த்தெடுத்தாள். மேடையில் அந்தச் சிரிப்பைக் குறிபார்த்து ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பெட்டியைக் கண்ணருகே கொண்டுவந்து திருப்பிப் பார்த்தாள்.

டயலில் அறுபதுக்கு நேராகச் சிவப்பாய் ஒரு நகப்பூச்சுப் புள்ளி.

முள்ளைக்கூட யாரும் நகர்த்தியிருக்கவில்லை.